உடைவதற்கென்றே ஒரு தகடு

படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின் அடியில், புரொப்பல்லருக்கும் கீழே, ஒரு மெல்லிய அலுமினியத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஸ்கெக். கியர்கள் இருக்கும் கூட்டோடு சேர்த்து ஒரே வார்ப்பாக வருவது.

இதற்கு இரண்டு வேலை. முதலாவது, திசை பிடிப்பது. மோட்டாரைத் திருப்பும்போது இந்தத் தகடும் சேர்ந்து நீரை ஒரு பக்கமாகத் தள்ளும். பாதி தேய்ந்துபோன ஸ்கெக் உள்ள படகு, மெதுவாகப் போகும்போது அங்குமிங்கும் அலையும். அடிக்கடி திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, அடி வாங்குவது. பாறையோ மரக்கட்டையோ வந்தால் முதலில் மோதுவது ஸ்கெக்தான். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். வார்ப்பு அலுமினியம் கொஞ்சம் வளையும், அதற்கு மேல் போனால் ஒடிந்துவிடும். ஒடிந்ததே என்று வருத்தப்படத் தேவையில்லை. வீட்டு ஃபியூஸ் மாதிரி, அது போனதால்தான் பல நேரங்களில் மேலே உள்ள கியரும் ஷாஃப்ட்டும் தப்பிக்கின்றன.

சரி, ஒடிந்ததை ஒட்டலாமா? நுனியில் சின்னச் சிதைவு என்றால் அரம் போட்டுச் சீராக்கி, எபாக்ஸி பசை பூசி, பெயிண்ட் அடித்தால் போதும். பெரிய துண்டு போயிருந்தால் வெல்டிங்தான். அதில்தான் சூட்சுமமே இருக்கிறது. அலுமினியத்தின் மேல் எப்போதும் ஓர் ஆக்சைடு படலம் இருக்கும். அது உருக 2000 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். உள்ளே இருக்கும் உலோகமோ 600 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகிவிடும். அதனால்தான் ஆர்கான் வாயுவோடு, ஏசி மின்னோட்டத்தில் டிக் (TIG) வெல்டிங் செய்கிறார்கள், அதாவது டங்ஸ்டன் முனையிலிருந்து வரும் மின்வில்லால் உருக்கி ஒட்டுவது. மின்னோட்டத்தின் ஒரு பாதி படலத்தை உடைக்கும், மறுபாதி உலோகத்தை உருக்கும். இரும்பைப் போல அலுமினியம் சிவந்து எச்சரிக்காது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் இடிந்து விழும்.

உப்புநீரில் ஊறிய பழைய வார்ப்பு என்றால் இன்னும் சிரமம். ஈரம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் வெல்டுக்குள் குமிழி குமிழியாக மாட்டிக்கொள்ளும். பளபளக்கும்வரை தேய்த்து, லேசாகச் சூடுகாட்டிக் காயவைத்த பிறகே தொட வேண்டும். அலுமினியம் சூட்டை வேகமாகக் கடத்தும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ரப்பர் ஆயில் சீல் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது. முன்கூட்டியே சீலைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்துவிடுவது நல்லது. விட்டுவிட்டுச் சின்னச் சின்னத் தையலாகப் போட வேண்டும். விரிசல் கியர் கூட்டுவரை ஏறியிருந்தால் வெல்டிங்கை மறந்துவிடலாம், கூட்டையே மாற்ற வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை மாட்டுவது இன்னொரு வழி. மூன்றில் ஒரு பங்கு போன ஸ்கெக்குக்கு அது சரி. நல்ல ஸ்கெக்குக்கு மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை: தகடு ஒடியாமல் நின்றால் அடி நேரே மேலே ஏறும். மாட்டினால் இடையில் சீலன்ட் பூசுங்கள். கடல்நீரில் இரண்டு உலோகமும் நேராகத் தொட்டால் அரிப்பது அலுமினியத்தைத்தான். செம்பு கலந்த பெயிண்டும் இதே காரணத்தால் ஆகாது.

ஆழமில்லாத இடத்தில் மோட்டாரைச் சற்றுத் தூக்கி, மெதுவாகப் போங்கள். முன்னோக்கிப் போகும்போது டில்ட் லாக், அதாவது மோட்டார் மேலே எழாமல் பிடித்துவைக்கும் பூட்டு, போட்டிருக்கக் கூடாது. மோதினால் மோட்டார் தானாக மேலே எகிற வழி வேண்டும். அப்புறம், பலமாக அடிபட்ட பிறகு ஸ்கெக்கை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். புரொப்பல்லரைக் கையால் சுற்றி, ஷாஃப்ட் ஆடுகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் ஓட்டிய பின் கியர் ஆயிலைத் திறந்து பாருங்கள். வெள்ளையாகக் கலங்கியிருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. மோட்டாரை அதற்கு மேல் ஓட்ட வேண்டாம்.