மாலை நான்கு மணிக்கு இருட்டும் ஊர்

டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், மதுரை அண்ணா நகரிலிருந்து ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்தார். சிகிச்சை தனக்கு அல்ல என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், ஒரு செமஸ்டர் மட்டும் பரிமாற்ற மாணவியாக வட ஜெர்மனிக்குப் போயிருந்தாள். முந்தின இரவு வீடியோவில் பேசும்போது எடுத்துவைத்த படம் ஒன்றைக் காட்டினார். பின்னால் இழுத்து மூடிய திரைச்சீலை. மஞ்சள் மேசை விளக்கு. மேசை ஓரத்தில் பாதி தின்று மடித்துவைத்த ரொட்டிப் பொட்டலம்.

"இங்கே இரவு ஒன்பதரை, அங்கே மாலை ஐந்துதான் டாக்டர். அந்த நேரத்திலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால் நன்றாக இருக்கிறேன் அம்மா என்கிறாள். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்கிறாள். முகம் வேறு சொல்கிறதே."

பாதிப் பயத்துக்கு என்னிடம் உடனே பதில் இருந்தது. ஹாம்பர்க் பக்கம் டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். பகல் என்பதே ஏழரை மணி நேரம்தான். மதுரையில் மார்கழியிலும் பதினொன்றரை மணி நேரம் வெளிச்சம் உண்டு. ஆகவே விளக்கு எரிந்ததில் தப்பில்லை. ஆனால் முகத்தைப் பற்றி அந்த அம்மா சொன்னது சரி. அதனால்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மனநல மருத்துவராக நான் பார்க்கும், வெளிநாட்டுக்குப் படிக்கப் போன மாணவர்கள் யாரும் ஒரு பெரிய துன்பத்தில் உடைந்து போனவர்கள் அல்லர். கடுகு கடுகாகச் சேர்ந்ததுதான் பாரமாகிறது. இந்தப் பெண் போய் இறங்கியது ஒரு சனிக்கிழமை இரவு. தூங்கா நகரத்தில் பிறந்து, நள்ளிரவிலும் இட்லி கிடைக்கும் என்று நம்பி வளர்ந்தவள். மறுநாள் ஞாயிறு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகளை மூடிவைப்பது சட்டம். ரயில் நிலையக் கடைகள், பெட்ரோல் பங்குக் கடைகள் போன்ற சிலதான் திறந்திருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கையும் குழாய்த் தண்ணீரையும் வைத்து அந்த நாளைக் கழித்தாள். நெய் இருந்திருந்தால் பொடி போட்டாவது எதையாவது சாப்பிட்டிருப்பாள். அதைச் சுங்கத்தில் எடுத்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து இறைச்சி, பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை, நெய்யும் அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். பெட்டி கட்டும்போதே இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிறகு வரிசையாக வந்தன. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். எல்லாம் தபாலில், ஜெர்மன் மொழியில் வரும். இவை எதுவும் நோய் அல்ல. ஆனால் ஊரில் கெட்டிக்காரி என்று பேரெடுத்தவள், ஒரு கடிதத்தைப் படிக்க அடுத்த அறைக்காரரிடம் நிற்கும்போது தன்னையே சிறியவளாக நினைக்கத் தொடங்குகிறாள். அந்த நினைப்புதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

1960-இல் கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் இந்தக் கலாசார அதிர்ச்சியைப் பற்றி எழுதினார். பழகிய சமூகக் குறிப்புகள் எல்லாம் கைவிட்டுப் போவதால் வரும் பதற்றம் என்றார். உசிலம்பட்டிப் பக்கத்து மாணவன் ஒருவன் சொன்னதைக் கேட்டபோதுதான் எனக்கு அது முழுதாகப் புரிந்தது. ஜெர்மனியில் அவன் போன முதல் வகுப்பு முடிந்ததும் அத்தனை பேரும் மேசையை விரல் முட்டியால் தட்டினார்களாம். பேராசிரியர்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து இவன் பயந்து உட்கார்ந்திருக்கிறான். அங்கே அதுதான் கைதட்டல். விடுதியிலும் அப்படியே. நம் வீடுகளில் பகலில் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டால் சண்டை என்று பொருள். அங்கே வெறுமனே கதவு சாத்தியிருக்கிறது, அவ்வளவுதான். "என்னை யாருக்கும் பிடிக்கவில்லை" என்று ஒரு மாதம் மருகிய பையனுக்கு, போய்க் கதவைத் தட்டலாம் என்பதே தெரிந்திருக்கவில்லை.

கஷ்டத்தை மட்டும் விசாரிக்கும் பெற்றோரிடம் எனக்கு வருத்தம் உண்டு. அங்கே கிடைக்கும் சந்தோஷங்களையும் பிள்ளைகள் சொல்வதில்லை, சொன்னால் 'ஊரை மறந்துவிட்டாயா' என்று கேட்பார்கள் என்ற பயம். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலைக் காலியானதும் அங்காடி இயந்திரத்தில் போட்டால் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். வாரம் முழுதும் பாட்டில் சேர்த்து, அந்தக் காசில் தனக்கென்று ஒரு காபி வாங்கியதை அந்தப் பெண் என்னிடம் எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் தெரியுமா! இரவு பத்து மணிக்கு நூலகத்திலிருந்து தனியாக நடந்து வந்ததை அதைவிட மெதுவான குரலில் சொன்னாள். அந்தச் சுதந்திரத்தை அவள் முதன்முறையாக ருசித்திருக்கிறாள். அதைக் குற்றம்போல மறைக்க வைக்காதீர்கள்.

இனி மருத்துவராகச் சில வார்த்தைகள். பகல் குறையும்போது தூக்கம் இடம் மாறும், மனமும் சோரும். காலையில் வெளிச்சம் வந்ததும், மேகமாக இருந்தாலும், அரை மணி நேரம் வெளியே நடக்கச் சொல்லுங்கள். இரவு முழுதும் இந்திய நேரத்துக்கு விழித்துப் பேசிவிட்டுப் பகலில் தூங்கினால் இருக்கிற கொஞ்ச வெயிலும் போய்விடும். அங்கே குளிர்கால வெயிலில் தோல் வைட்டமின் டி-யை ஏறக்குறைய உருவாக்காது. நம் நிறத்துக்கு இன்னும் கூடுதல் வெயில் வேண்டும். போகும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 'புது இடம், இனி வேண்டாம்' என்று தாங்களாகவே நிறுத்தக் கூடாது. மருந்தின் வேதிப்பெயர் எழுதிய சீட்டு கையில் இருக்கட்டும். தூக்க மாத்திரை போன்ற சிலவற்றுக்குத் தனிச் சான்று வேண்டியிருக்கும்.

வீட்டு நினைவில் அழுவது இயல்பு. அழுதுவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள் என்றால் பயமில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே கிடக்கிறது, பிடித்த எதிலும் பிடிப்பு இல்லை, சாப்பாடும் தூக்கமும் கெட்டுவிட்டது, வகுப்பும் நின்றுவிட்டது என்றால் காத்திருக்க வேண்டாம். அங்குள்ள பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு உளவியல் ஆலோசனை உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் எங்கிருந்தாலும் 112 என்ற அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும். இங்கே தவிக்கும் பெற்றோர் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-இல் எந்த நேரமும் பேசலாம்.

அந்த அம்மாவிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "இன்று இரவு நன்றாக இருக்கிறாயா என்று கேட்காதீர்கள். முதலில் உங்களுக்கு இன்று என்ன தப்பாகப் போனது என்று சொல்லுங்கள்." அன்றிரவு அவர் குக்கர் கேஸ்கட் விட்டுப்போய்ப் பருப்பு அடுப்பெல்லாம் வழிந்த கதையையும், அதற்காக அப்பாவிடம் கத்தியதையும் சொல்லியிருக்கிறார். மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு ஒரு மணி நேரம் பேசினாள். ஒரு தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாளைத் தவறவிட்டதை மூன்று வாரமாக மறைத்து வைத்திருந்திருக்கிறாள். மறுநாளே துறை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். வேறொரு பாடத்துக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்தது. அந்த வாரக் கடைசியில் விடுதிச் சமையலறையில் ரசம் வைத்தாள். வாசனைக்கு மூன்று கதவுகள் திறந்தன.

திரும்பி வந்த பிறகும் ஒரு சோர்வு வரும், அதற்கு யாரும் தயாராக இருப்பதில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அதிகாலை, வைகையில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே நின்றபோது அவளுக்கு அந்தப் பனி ஊர் நினைவு வந்து கண் கலங்கியிருக்கிறது. அம்மா பார்த்துவிட்டார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

"பனி விழும்போது சத்தம் கேட்குமா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

கேட்காது, அதுவரை இருந்த சத்தமும் அடங்கிப்போகும் என்று ஆரம்பித்தவள், கோரிப்பாளையம் வந்து சேரும் வரை சொல்லிக்கொண்டே வந்தாளாம்.