மைக்ரோபயோம்: நுண்ணுயிர்த்தொகுதி

கிரேக்கத்தில் 'மைக்ரோஸ்' சிறியது, 'பயோஸ்' உயிர்வாழ்வு. 'பயோம்' என்றால் ஓரிடத்து உயிர்களும் அவற்றின் சூழலும் சேர்ந்தது. சேர்வராயன் மலைச் சோலையை மரம், கொடி, மண், பனி எல்லாவற்றோடும் நினைத்துக்கொள்ளுங்கள். அதுபோலக் குடலுக்குள்ளும் ஒரு சோலை. 'மைக்ரோபயோம்' 1988-லேயே ஆய்வுத் தாள்களில் வந்த சொல். 2001-ல் அமெரிக்க உயிரியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் எழுதியபின் பரவியது. நுண்ணுயிர்களை மட்டும் சொன்னால் 'மைக்ரோபயோட்டா'. மரபணுக்களும் சூழலும் சேர்ந்தால் 'மைக்ரோபயோம்'.

தமிழில் 'கிருமி' என்றால் நோய்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தின் 'gut flora'வை அப்படியே பெயர்த்த 'குடல் தாவரம்' தவறு. பாக்டீரியா தாவரம் அல்ல. 'நுண்ணுயிர்த்தொகுதி'யே சரி. எட்டுத்தொகையில் உள்ள அதே 'தொகு'தான் இதிலும் வேர். உணவும் மருந்தும் ஊரும் சேர்த்துத் தொகுத்தது, ஆகவே மாறக்கூடியது.

'மாறக்கூடியது' என்ற இந்த அர்த்தம் முக்கியம். அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோயால் கறுப்பின மக்கள் இறக்கும் விகிதம் வெள்ளையரைவிட அதிகம். தாமதமாகக் கண்டறிவது, காப்பீடு இல்லாதது, எட்டாத சிகிச்சை ஆகியவை பெரிய காரணங்கள். நுண்ணுயிர்த்தொகுதி அதில் ஓர் இழை மட்டுமே; அதையும் பிறவிக் குணமாக்கிவிடக் கூடாது. 2015-ல் வெளியான ஆய்வொன்றில், ஆப்பிரிக்க அமெரிக்கர் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேரும் இரண்டு வாரம் ஒருவர் உணவை மற்றவர் உண்டார்கள். நார்ச்சத்து கூடிய அமெரிக்கர் குடலில், குடற்சுவரைக் காக்கும் பியூட்டிரேட் என்ற பொருள் ஏறியது, கிராமத்தாருக்கு இறங்கியது.

மருந்திலும் இதன் கை உண்டு. இரினோடீகான் என்ற புற்றுநோய் மருந்தைக் கல்லீரல் முடக்கிக் குடலுக்கு அனுப்புகிறது. அங்குள்ள பாக்டீரியாவின் நொதி அதை மீண்டும் விழிக்கச் செய்வதால் கடும் வயிற்றுப்போக்கு வரும். புற்றுநோய்க்கான நோயெதிர்ப்புச் சிகிச்சைக்குச் சற்று முன் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களிடம் பலன் குறைந்ததைப் பல ஆய்வுகள் கண்டன. 2021-ல் வந்த மெலனோமா (ஒருவகைத் தோல் புற்றுநோய்) ஆய்வில், நாளுக்கு 20 கிராமுக்கு மேல் நார்ச்சத்து உண்டவர்களுக்கு நோய் முற்றுவது தள்ளிப்போனது. உயிருள்ள பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் மாத்திரையால் பலன் தெரியவில்லை.

நம் ஊரில் 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து சுமார் 11 கிராம்; தீட்டிய அரிசியில் 3-க்கும் குறைவு. சேலத்து ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. ஆனால் வயிற்றுப்போக்கின்போதும் குடல் அறுவைக்குப் பிறகும் எளிதில் செரிக்கும் ஜவ்வரிசிக் கஞ்சியே இதம். அப்போது நார்ச்சத்தைக் கூட்டினால் தொல்லைதான். எப்போது கேழ்வரகுக்குத் திரும்பலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள். இரத்த வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் புரோபயாட்டிக்கை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அந்தப் பாக்டீரியாவே இரத்தத்தில் கலந்து தொற்றாகலாம்.