கள்ளிக்கன்று: புட்டியிலிருந்து மண்ணுக்கு

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ் உழவர்களுக்குத் திசு வாழைக்கன்று, அதாவது செடியின் சிறு துண்டை ஆய்வகப் புட்டியில் வளர்த்து உருவாக்கும் கன்று, புதிதன்று. கள்ளியையும் அப்படி வளர்க்கலாம் என்றால் மட்டும், சப்பாத்திக்கள்ளியின் ஒரு மடலை ஒடித்து நட்டாலே வேர்விடுமே, அதற்கு எதற்கு ஆய்வகம் என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். ஆனால் அரியோகார்ப்பஸ், அஸ்ட்ரோஃபைட்டம் போன்ற உருண்டைக் கள்ளிகள் எளிதில் பக்கக்கன்று விடுவதில்லை. விதையிலிருந்து முளைத்துப் பூக்கும் பருவத்தை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். இந்த மெதுவான வளர்ச்சியே மெக்சிகோவின் வறண்ட நிலங்களிலிருந்து அவற்றைத் தோண்டித் திருடுவோருக்குச் சந்தையை உண்டாக்குகிறது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின், மிகக் கடுமையான முதல் பட்டியலில் அரியோகார்ப்பஸ் பேரினம் முழுவதுமே இருந்தும் திருட்டு நிற்கவில்லை.

கள்ளியின் முட்கள் கொத்தாகக் கிளம்பும் இடத்தைக் கூர்ந்து பார்த்தால், பஞ்சு படர்ந்த ஒரு சிறு திட்டு தெரியும். அரியோல் எனப்படும் அந்தத் திட்டு உண்மையில் மிகவும் குறுகிப்போன ஒரு கிளை. முட்கள் அதன் உருமாறிய இலைகள். அவற்றின் அடியில் ஒரு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கிறது. உச்சியில் சுரந்து கீழிறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கிதான் அதை எழவிடாமல் அடக்கி வைத்திருக்கிறது. உச்சியை வெட்டி நீக்கி, மொட்டை எழத் தூண்டும் சைட்டோகைனின் வகை ஊக்கியைக் கொடுத்தால் அடக்கம் நீங்கி, அந்த மொட்டு தனித் தளிராகிறது. கள்ளித் திசு வளர்ப்பின் அடிப்படை இவ்வளவுதான்.

வயதான செடியின் முட்களுக்கிடையே தங்கிய பூஞ்சை வித்துக்களை முற்றாக அகற்றுவது கடினம். ஆகவே விதையிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. காட்டுச் செடியைத் தொடவும் வேண்டியதில்லை. சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் தூய்மையாக்கிய விதைகளைக் கிருமியற்ற புட்டியில் முளைக்கவிட்டு, நாற்று சற்றுத் திரண்டதும், வடிகட்டிய காற்று வீசும் மேடையில் வைத்து, தீயில் காட்டி ஆறவிட்ட கத்தியால் உச்சியைச் சீவி, எஞ்சிய தண்டை ஒவ்வொரு துண்டிலும் அரியோல் இருக்குமாறு நறுக்குகிறார்கள். வெட்டிய பரப்பில் வழுவழுப்பான பசை கசியும். துண்டுகள் பதியும் ஊடகம், முராஷிகே, ஸ்கூக் என்ற தாவர அறிவியலாளர்கள் 1962-இல் வெளியிட்ட உப்புக் கலவை. அதனுடன் சர்க்கரை, கூழாக உறையவைக்கும் அகார், லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராம் பென்சைல் அடினின் என்ற சைட்டோகைனின் ஆகியவற்றைச் சேர்த்து, கிருமி நீங்க 121 டிகிரி செல்சியஸ் அழுத்த நீராவியில் வைத்து எடுப்பார்கள். ஊக்கி மிகுந்தால் வடிவமற்ற திசுக்கட்டி பெருகும். அதிலிருந்து வரும் கன்றுகள் தாயின் இயல்பிலிருந்து மாறக்கூடும். எனவே குறைந்த அளவே மேல்.

தளிர் பெருகியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. பெரும்பாலான இழப்பு இனிமேல்தான். ஈரம் நிறைந்த புட்டிக்குள் வளரும் கள்ளி மெழுகுப் பூச்சைத் தடிப்பாக உருவாக்குவதில்லை. சில கன்றுகள் நீர் கோத்துக் கண்ணாடிபோல் வெளிறிவிடும். இயற்கையில் இரவில் மட்டும் திறக்க வேண்டிய நுண்துளைகளும் அங்கே அந்த ஒழுங்கைக் கண்டிப்பாகப் பின்பற்றுவதில்லை. இத்தகைய கன்றை நேரே வெளியில் வைத்தால் வற்றிவிடும். மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும் இப்பகுதியில் இன்னும் விரைவாக வற்றும். மழைக்காலத்திலோ, வேரில் ஒட்டிய அகாரின் சர்க்கரை பூஞ்சைக்கு உணவாகிவிடும். ஆகவே வேரை நன்கு கழுவி, மணல் மிகுந்த கலவையில் நட்டு, நிழல்வலையின் கீழ் பாலித்தீன் மூடி, சில வாரங்களில் மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து பழக்க வேண்டும்.

வேர்விடத் தயங்கும் இனங்களுக்கு வேறொரு வழியும் உண்டு. புட்டித் தளிரின் அடியைச் சமமாகச் சீவி, டிராகன் பழக்கொடியின் முப்பட்டைத் தண்டில், இரண்டின் நீர் கடத்தும் நடுவளையங்களும் ஓரிடத்திலாவது தொடுமாறு பொருத்தி ஒட்டுக்கட்டினால், கொடியின் வேரே அதற்கும் நீரூட்டும்.