‘வாய்ஸ் ரெகக்னிஷன்’: பேச்சுணர்தலும் குரலறிதலும்

ஒருவர் கைப்பேசியை நோக்கி ‘நாளைக் காலை ஐந்து மணிக்கு எழுப்பு’ என்கிறார், மணி அமைந்துவிடுகிறது. இன்னொருவர் வங்கியின் தொலைபேசிச் சேவையில் ஒரு தொடரைச் சொல்கிறார். பேசுபவர் கணக்குக்கு உரியவர்தாம் என்று மறுமுனையில் உள்ள கணினி ஏற்றுக்கொள்கிறது. இவ்விரண்டுக்கும் பொதுவழக்கில் ‘வாய்ஸ் ரெகக்னிஷன்’ என்ற ஒரே பெயர்தான் வழங்குகிறது. ஆனால் முதலாவதில் கருவி கண்டுகொண்டது என்ன சொல்லப்பட்டது என்பதை. இரண்டாவதில் கண்டுகொண்டது யார் சொன்னார் என்பதை. துறைக்குள் இருப்பவர்கள் முன்னதை ‘ஸ்பீச் ரெகக்னிஷன்’ என்றும் பின்னதை ‘ஸ்பீக்கர் ரெகக்னிஷன்’ என்றும் பிரித்தே எழுதுகிறார்கள். தமிழில் முன்னதைப் ‘பேச்சுணர்தல்’ என்றும் பின்னதைக் ‘குரலறிதல்’ என்றும் சொல்லலாம். பொதுவழக்கில் உள்ள அந்தக் கலப்பைத் தமிழுக்கும் கொண்டுவர வேண்டிய தேவை நமக்கு இல்லை. ஏனெனில் குரல் வேறு, பேச்சு வேறு என்ற தெளிவு நம் அன்றாட வழக்கிலேயே இருக்கிறது.

முதலில் ‘வாய்ஸ்’ என்ற சொல்லைப் பார்ப்போம். இலத்தீனில் குரலைக் குறிக்கும் ‘வோக்ஸ்’ என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்து இவ்வடிவம் பெற்றது. அந்த ‘வோக்ஸ்’ என்பதும் வடமொழியின் ‘வாச்’ என்பதும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. வடமொழிச் சொல் தமிழில் ‘வாக்கு’ என்று வழங்கி, உறுதிமொழி என்றும் தேர்தலில் இடும் ஒப்புதல் என்றும் பொருள் விரிந்திருக்கிறது. ஆகவே ‘வாய்ஸ்’ என்பதற்கு உறவு தேடினால் அது ‘வாக்கு’ என்பதில்தான் கிடைக்கும். ‘வாய்’ என்னும் தமிழ்ச் சொல்லோடு அதை இணைத்துச் சிலர் மகிழ்வதுண்டு. அந்த ஒலி ஒற்றுமை தற்செயலானது, அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

‘ரெகக்னிஷன்’ என்பதில்தான் மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம் இடறுகிறார்கள். ‘மீண்டும் அறிதல்’ என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. முன்பே கண்ட ஒன்றை மறுபடி காணும்போது ‘இது அதுதான்’ என்று தெரிந்துகொள்வதே அதன் மூலப்பொருள். ஒரு நாட்டையோ ஒரு சங்கத்தையோ முறைப்படி ஏற்றுக்கொள்ளுதல் என்ற பொருள் பின்னர் சேர்ந்தது. தமிழில் ‘அங்கீகாரம்’ என்பது இந்த இரண்டாம் பொருளுக்கு மட்டுமே உரியது. அப்படியிருக்க, கைப்பேசிகளின் அமைப்புப் பக்கங்களில் ‘குரல் அங்கீகாரம்’, ‘முக அங்கீகாரம்’ என்ற தொடர்கள் பரவலாகக் காணப்படுகின்றன. முகத்துக்கு யாரும் அங்கீகாரம் வழங்குவதில்லை. முகத்தை அடையாளம் காண்கிறார்கள். அகராதியில் அடுத்தடுத்து நின்ற இரு பொருள்களில் தவறானதை எடுத்ததால் விளைந்த பிழை இது. இன்னும் வேரூன்றவில்லை என்பதால் இப்போதே களைந்துவிட முடியும்.

இனித் தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். ‘குரல்’ மிகப் பழைய சொல். தமிழிசையின் ஏழு சுரங்களான குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் வரிசையில் முதலாவது அது. சங்கப் பாடல்களில் தினைக்கதிரையும் கூந்தலையும்கூட அச்சொல் குறித்திருக்கிறது. இன்று அது முதன்மையாக ஒருவர் தொண்டையிலிருந்து எழும் ஒலியையும் அவ்வொலியின் தனித்தன்மையையும் குறிக்கிறது. ‘பேச்சு’ என்பதோ பேசு என்னும் வினையிலிருந்து பிறந்து, பொருளுள்ள சொற்களாக அந்த ஒலி உருப்பெறுவதைக் குறிக்கிறது. சளிப் பிடித்தால் குரல் கட்டுகிறது. பேச்சுக் கட்டுகிறது என்று யாரும் சொல்வதில்லை. கதவுக்கு வெளியே நிற்பவரைக் குரலை வைத்து அடையாளம் காண்கிறோம். பேச்சு மாறாதவர் என்று ஒருவரைப் பாராட்டும்போது அவர் குரலைப் பற்றி நாம் எதுவும் சொல்லவில்லை. பிறந்த குழந்தைக்கு முதல் நொடியிலேயே குரல் இருக்கிறது. பேச்சு வர ஓராண்டுக்குமேல் ஆகிறது. எந்தக் கலைச்சொல் அகராதியும் இதைவிடத் தெளிவாக இவ்விரண்டையும் பிரித்துக்காட்ட முடியாது.

இலக்கணமும் இதை அறிந்திருந்தது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளின் செயலால் வெவ்வேறு எழுத்துகளாக வெளிப்படுவதை விளக்குகிறது. ஒலிக்கு மூலம் ஓரிடம், அதை எழுத்தாக வடிப்பது வேறிடம் என்ற இந்தப் பார்வை, பேச்சொலியை ஆராயும் இன்றைய பொறியியலுக்கும் அடிப்படையாக இருக்கிறது.

ஆங்கிலப் பொதுவழக்கில் இரண்டும் கலந்துபோனதற்குத் தொழில்நுட்பத்தின் வரலாற்றிலும் ஒரு காரணம் காணலாம். 1952இல் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான ‘ஆட்ரி’ என்னும் கருவி, பூச்சியம் முதல் ஒன்பது வரையிலான எண்களைக் காதால் கேட்டு இனங்கண்டது. ஆனால் பேசுபவர் மாறினால் கருவியை அவருக்கேற்பத் திருத்தியமைக்க வேண்டியிருந்தது. அதாவது சொல்லை அறிய, முதலில் ஆளின் குரலை அறிந்திருக்க வேண்டியிருந்தது. 1962இல் சியாட்டில் உலகக் கண்காட்சியில் ஐபிஎம் நிறுவனம் காட்டிய ‘ஷூபாக்ஸ்’ 16 சொற்களை அறிந்தது. 1976இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘ஹார்ப்பி’ 1011 சொற்களை எட்டியது. இயல்பான வேகத்தில் தொடர்ந்து பேசுவதைத் தட்டச்சாக மாற்றும் மென்பொருள் 1997இல் பொதுமக்கள் கைக்கு வந்தபோதும், அதை வாங்கியவர் முதலில் நெடிய பகுதி ஒன்றை அதற்கு வாசித்துக்காட்டித் தம் குரலைப் பழக்க வேண்டியிருந்தது. ஆப்பிளின் ‘சிரி’ 2011இல் ஐபோனில் வந்தபோது, முன்பின் கேட்டிராத எவருடைய பேச்சையும் கருவி எழுத்தாக்கும் நிலை வந்திருந்தது. பேச்சுணர்தல் குரலிலிருந்து பிரிந்துவிட்டது. பழைய பெயர் மட்டும் பிரியாமல் நின்றுவிட்டது.

ஏன் ‘பேச்சறிதல்’ என்னாமல் ‘பேச்சுணர்தல்’ என்கிறேன் என்று கேட்கலாம். அச்செழுத்தைப் படமாகக் கண்டு எழுத்தாக மாற்றும் மென்பொருளுக்கு ‘எழுத்துணரி’ என்ற பெயர் தமிழ்க் கணிமையில் ஏற்கெனவே நிலைபெற்றிருக்கிறது. அதன் உடன்பிறப்பாகப் ‘பேச்சுணரி’ இயல்பாக அமைகிறது. அறிதல் என்பது இன்னார், இன்னது என்று தெரிந்துகொள்வது. உணர்தலோ வந்து சேரும் குறிகளிலிருந்து பொருளைப் பிடிப்பது. பேச்சுணரி செய்வது பின்னதைத்தான். அது பொதுவாக ஒரு நொடிப் பேச்சை 16,000 அளவீடுகளாக வாங்குகிறது. நொடியின் நாற்பதில் ஒரு பங்கு அளவுள்ள சிறு துண்டுகளில் எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று பார்க்கிறது. பிறகு இந்த ஒலிக்கோவைக்கு எந்தச் சொற்கோவை மிகப் பொருத்தமானது என்று கணிக்கிறது. ஐயமற்ற அறிவு அங்கே எங்கும் இல்லை. எல்லாம் வாய்ப்புக் கணக்கே.

‘அரை மணி நேரம் அறையில் இருந்தேன்’ என்ற தொடரை இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். பலருடைய நாவில் முதற்சொல்லின் ரகரமும் நான்காம் சொல்லின் றகரமும் ஒன்றாகவே ஒலிக்கும். காதில் விழுவதை மட்டும் நம்பினால் கருவிக்கு வழியில்லை. பின்னால் ‘மணி நேரம்’ வருவதால் முதலாவது ‘அரை’யாகத்தான் இருக்க வேண்டும், ‘இருந்தேன்’ என்பதற்கு முன் ‘-இல்’ உருபேற்று நிற்பதால் மற்றது ‘அறை’யாகத்தான் இருக்க வேண்டும் என்று அது சூழலிலிருந்து ஊகிக்கிறது. பனியும் பணியும், வலியும் வழியும் இப்படித்தான் பிரிகின்றன. சூழல் உதவாத குறுந்தொடர்களில் அது தவறுவதும் இதனால்தான்.

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கல் பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தொலைவு. ‘வந்துக்கிட்டிருக்கேன்’ என்று சொன்னதைப் பேச்சுணரி அப்படியே எழுத வேண்டுமா, ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று மாற்றி எழுத வேண்டுமா? கடிதம் எழுதுபவர் மாற்றத்தை விரும்புவார். வாக்குமூலம் பதிவு செய்பவருக்கு மாற்றம் பெருங்குற்றம். கருவிகளின் திறனை அளக்கும் முறையும் தமிழுக்குப் பொருந்தவில்லை. மாறிய சொற்கள், விடுபட்ட சொற்கள், மிகையாகச் சேர்ந்த சொற்கள் ஆகியவற்றைக் கூட்டி, பேசப்பட்ட மொத்தச் சொற்களால் வகுப்பது அந்த முறை. ‘வந்துகொண்டிருந்தேன்’ என்ற ஒரு சொல்லைக் கருவி ‘வந்து கொண்டிருந்தேன்’ என்று இடைவெளி விட்டு எழுதினால், ஒரு சொல் மாறியது, ஒரு சொல் மிகுந்தது என்று இரண்டு பிழைகள் கணக்கில் ஏறும். படிப்பவர் கண்ணுக்கு அங்கே பிழையே இல்லை. சொல்லோடு உருபுகளும் விகுதிகளும் ஒட்டி நீளும் ஒட்டுநிலை மொழிகள் அனைத்துக்கும் இழைக்கப்படும் அநீதி இது. எழுத்தளவில் பிழை எண்ணும் முறை ஓரளவு நியாயமானது. தமிழ்ப் பேச்சுணரிகளை ஒப்பிடுபவர்கள் அதையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

இவ்வளவு இடர்களுக்கிடையிலும் இத்துறையில் நம்பிக்கை வைக்கக் காரணம் இருக்கிறது. திரையைப் பார்க்க இயலாதவர், கை நடுங்குபவர், எழுத்தறியாதவர், எழுத்தறிந்தும் தமிழ் விசைப்பலகையைக் கற்காதவர் என அனைவருக்கும் பேச்சு ஏற்கெனவே கைவந்த கருவி. 2017இல் கூகுளின் குரல்வழித் தட்டச்சு தமிழுக்கு வந்தபின், விசைப்பலகையால் தடுக்கப்பட்டிருந்த பலர் நீண்ட செய்திகளைத் தமிழிலேயே அனுப்பத் தொடங்கியதை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆயினும் மிகவும் தேவைப்படுபவர்களையே இக்கருவி கைவிடுவதும் நடக்கிறது. பக்கவாதத்துக்குப்பின் நாக் குழறுபவருக்கும் திக்கிப் பேசுபவருக்கும் குரல் இருக்கிறது, பேச்சும் இருக்கிறது, வீட்டிலுள்ளவர்களுக்கு அது விளங்குகிறது, கருவிக்கு விளங்குவதில்லை. ‘மீண்டும் அறிதல்’ என்ற அந்த இலத்தீன் பொருள் இங்கே மெய்யாகிறது. முன்பு கேட்டுப் பழகாததைக் கருவியால் மீண்டும் அறிய முடியாது. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ஐந்து பெருநிறுவனங்களின் பேச்சுணரிகளைச் சோதித்து, வெள்ளையர் பேச்சில் சராசரியாக 19 விழுக்காடாக இருந்த சொற்பிழை, கறுப்பினத்தவர் பேச்சில் 35 விழுக்காடாக இருந்ததைக் காட்டியது. குறை பேசியவர்களிடம் இல்லை, பயிற்சிக்குத் திரட்டிய ஒலிப்பதிவுகளில் இருந்தது. மொசில்லாவின் ‘காமன் வாய்ஸ்’ திட்டத்துக்குத் தன்னார்வலர்கள் தமிழிலும் தங்கள் பேச்சைக் கொடையாக அளிப்பது இதனாலேயே பொருளுள்ள பணி. எல்லா வட்டார வழக்கும், எல்லா வயதும், தடைபடும் பேச்சும் அதில் சேர வேண்டும்.

இந்த இடத்தில் தமிழின் ‘கேள்’ என்னும் வினையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒலியைச் செவிமடுப்பதும் கேட்டல். வினா எழுப்புவதும் கேட்டல். ‘சொன்னபடி கேட்கிறான்’ என்னும்போது கீழ்ப்படிவதும் கேட்டல். வீட்டு மேசையில் அமர்ந்திருக்கும் குரல்வழிக் கருவி இம்மூன்றையும் செய்கிறது: நாம் சொல்வதைக் கேட்கிறது, புரியாததைக் கேட்கிறது, சொன்னபடி கேட்கிறது. ஆனால் தன்னை அழைக்கும் சொல் எப்போது வரும் என்று தெரியாததால், அது முதற்பொருளில் ஓயாமல் கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டியிருக்கிறது. அழைக்கும் சொல் வரும்வரை ஒலியைத் தனக்குள்ளேயே சோதித்து விட்டுவிடுவதாகத்தான் இக்கருவிகள் வடிவமைக்கப்படுகின்றன. எனினும் அதைப்போல ஒலிக்கும் வேறொரு சொல்லைத் தவறாக எடுத்துக்கொண்டு விழிக்கும்போது, அதற்குச் சொல்லாத பேச்சும் வெளியே போய்விடுகிறது.

குரலறிதலின் இடர் இதைவிடக் கூர்மையானது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த லாரன்ஸ் கெர்ஸ்டா 1962இல் ‘வாய்ஸ்பிரிண்ட்’ என்ற சொல்லைப் பரப்பியபோது, கைரேகையைப் போல ஒவ்வொருவர் குரலுக்கும் மாறாத பதிவு உண்டு என்ற எண்ணத்தையும் அதனோடு பரப்பினார். அதைக் ‘குரல்ரேகை’ என்று பெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ரேகை மாறாதது, குரல் சளியால், சினத்தால், முதுமையால் மாறுவது. மேலும், மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ‘வால்-ஈ’ என்னும் முறை மூன்று நொடி ஒலிப்பதிவைக் கொண்டே ஒருவர் குரலைப் போலப் பேசிக்காட்டியது. களவுபோன கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். குரலை அப்படி விரும்பியபடி மாற்றிக்கொள்ள யாராலும் இயலாது. ‘குரலடையாளம்’ என்ற சொல் போதும். அதற்குமேல் அது உறுதி எதையும் அளிப்பதாகக் காட்டக்கூடாது.

‘வாய்ஸ் அசிஸ்டன்ட்’ என்பதற்குக் ‘குரல் உதவியாளர்’ என்று எழுதுகிறார்கள். ‘ஆளர்’ என்னும் விகுதி மனிதருக்குரியது. கருவிக்கு அதைத் தருவது, மறுபுறம் ஓர் ஆள் இருப்பதான மயக்கத்தை வளர்க்கிறது. ‘பேச்சுத்துணை’ என்ற சொல் என்னைச் சிலகாலம் ஈர்த்தது. ஆனால் ‘பேச்சுத்துணைக்கு ஆளில்லை’ என்று தனிமையில் இருப்பவர் சொல்லும்போது அது மனிதரின் அருகிருப்பையே வேண்டுகிறது. அந்த இடத்தைப் பெயரளவிலும் கருவிக்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. ‘குரல்வழி உதவி’ என்பதே பொருத்தமாகப் படுகிறது. தொடுவதற்கும் தட்டச்சிடுவதற்கும் மாற்றான ஊடகம் என்று காட்டும் இடத்தில் ‘குரல்வழி’ என்பது சரியான முன்னொட்டு. குரல்வழித் தேடல், குரல்வழி இடைமுகம் என்ற தொடர்களும் அதே முறையில் அமைகின்றன.

கைப்பேசியின் அமைப்புப் பக்கத்தில் ‘குரல் அங்கீகாரத்தை இயக்கு’ என்று ஒரே பொத்தான் இருந்தால், அதை அழுத்துபவர் எதற்கு ஒப்புதல் தருகிறார் என்று அவருக்கே தெரியாது. அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் ‘பேச்சுணர்தல்: நான் சொல்வதை எழுத்தாக்கு’ என்றும், மற்றொன்றில் ‘குரலறிதல்: என் குரலைப் பதிந்துவைத்து என்னை அடையாளம் காண்’ என்றும் எழுதினால், முதலாவதை இயக்கிவிட்டு இரண்டாவதை அணைத்துவைக்க எவராலும் முடியும்.