குளத்து பில்டர் ஏன் மூச்சு விட வேண்டும்?

வீட்டுத் தோட்டத்தில் சின்னதாக ஒரு குளம் கட்டி, பத்துப் பன்னிரண்டு தங்கமீன் வாங்கி விட்டவர்களில் பலருக்கு இது நடந்திருக்கும். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும், மீனும் நன்றாகத்தான் தின்னும், மூன்றாவது வாரம் ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒன்று செத்து மிதக்கும். அழுக்கே கண்ணில் படவில்லையே என்று குழம்புவோம். மீனைக் கொன்றது கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா.

மீன் தின்ற தீவனத்தில் இருக்கும் புரதம் செரித்ததும், அதன் கழிவு பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே வருகிறது. 32 சதவீதம் புரதம் உள்ள தீவனம் நாளைக்கு 10 கிராம் போட்டால் ஏறக்குறைய 0.3 கிராம் அம்மோனியா சேரும். இரண்டரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 60 செ.மீ. ஆழம் என்றால் குளத்தில் 2250 லிட்டர் தண்ணீர் நிற்கும். அந்த அம்மோனியாவை எதுவும் வெளியேற்றாவிட்டால் ஒரே வாரத்தில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் பக்கம் போய்விடும். தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7 ஆக இருந்தால் இதில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சாக இருக்காது. பாசி பிடித்த குளத்தில் மதிய வெயிலில் பிஎச் 9 வரை ஏறிவிடும், அப்போது அதே அம்மோனியாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நஞ்சாக மாறி நிற்கும். அதனால் குளத்துக்கு பில்டர் வடிவமைக்கும்போது நான் முதலில் கேட்பது எத்தனை லிட்டர் என்றல்ல, ஒரு நாளைக்கு எவ்வளவு தீவனம் போடுவீர்கள் என்றுதான்.

இந்த அம்மோனியாவைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. 1890 வாக்கில் ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி இவற்றைத் தனியே பிரித்துக் காட்டினார். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், அதுவும் மீனுக்கு விஷம்தான்; இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும், அதை அல்லியும் பாசியும் உரமாக எடுத்துக்கொள்ளும். இரண்டு கூட்டமும் கல்லிலும் ஸ்பான்ஜிலும் வழவழப்பான படலமாக ஒட்டி வாழ்கின்றன. பில்டர் என்று நாம் சொல்வது உண்மையில் இவற்றின் வீடு. இவற்றுக்கு ஆக்சிஜன் ஏராளமாக வேண்டும். அம்மோனியாவில் உள்ள ஒரு கிராம் நைட்ரஜனை மாற்ற நாலரை கிராம் ஆக்சிஜன் செலவாகிறது, ஆனால் 30 டிகிரி சூட்டில் தண்ணீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனுக்கு மேல் பிடித்து வைப்பதில்லை. ஆகவே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அவை பிழைக்கும். பம்ப் அவற்றுக்குச் சோறும் மூச்சும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

சரி, பம்புக்கு வருவோம். குளத்துத் தண்ணீர் முழுவதும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பில்டர் வழியாகப் போய் வந்தால் போதும். நம் குளத்துக்கு மணிக்கு 1500 முதல் 2000 லிட்டர். பெட்டியில் 3000 லிட்டர், இரண்டரை மீட்டர் என்று போட்டிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கும் என்று நினைத்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 3000 லிட்டர் என்பது ஏற்றமே இல்லாமல் ஓடும்போது வருவது, இரண்டரை மீட்டர் என்பது ஒரு சொட்டும் வெளியே விழாத உயரம். பில்டர் டிரம்மின் வாய் குளத்துத் தண்ணீர் மட்டத்திலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால் பாதியோ அதற்குச் சற்று மேலோதான் கிடைக்கும். சந்தேகமாக இருந்தால் 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டை டிரம்முக்குள் விழும் குழாய் வாயில் பிடியுங்கள். 36 நொடியில் நிரம்பினால் மணிக்கு 2000 லிட்டர். இதைவிட நம்பகமான கணக்கு எந்தப் பெட்டியிலும் கிடையாது.

வீட்டில் சும்மா கிடக்கும் அரை எச்பி மோட்டாரை மாட்டலாமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். வேண்டாம். அது மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றச் செய்தது, நாள் முழுக்க ஓடினால் ஒன்பது யூனிட்டுக்கு மேல் தின்னும். 40 வாட் குளத்து பம்ப் 24 மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது.

குழாயில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். விட்டம் பாதியானால் அதே தண்ணீரைத் தள்ள உராய்வு இழப்பு 30 மடங்கு பக்கம் கூடுகிறது. 32 மி.மீ. குழாய் போடுங்கள், எல்போ வளைவுகளைக் குறையுங்கள். பம்பைத் தரையில் வைக்காமல் ஒரு செங்கல்லை நிமிர்த்தி அதன்மேல் வையுங்கள். சேற்றை உறிஞ்சாது, அதைவிட முக்கியமாக, எங்காவது ஹோஸ் கழன்று தண்ணீர் வெளியே கொட்டினாலும் மீனுக்கென்று கொஞ்சம் தண்ணீர் அடியில் மிஞ்சும்.

பில்டருக்கு 200 லிட்டர் நீல டிரம் ஒன்று போதும். தண்ணீர் அடியில் நுழைந்து மேலே ஏறும்படி அமையுங்கள். 32 மி.மீ. குழாயில் நொடிக்கு 70 செ.மீ. ஓடி வந்த தண்ணீர், டிரம்முக்குள் நொடிக்கு இரண்டு மி.மீ. ஆக அடங்கிவிடும். வெள்ளம் ஏரிக்குள் நுழைந்ததும் வண்டலை இறக்கிவிடுகிறதே, அதே கதைதான். கனமான கழிவு அடியிலேயே தங்கும், அங்கே ஒரு வால்வு வைத்து வாரம் ஒருமுறை திறந்துவிடலாம். அதற்கு மேல் ஸ்பான்ஜ், அதற்கும் மேல் லாவா கல்லோ துண்டு துண்டாக நறுக்கிய பிவிசி குழாயோ. முக்கால் ஜல்லியும் வேலை செய்யும், ஆனால் கனம், சீக்கிரம் அடைத்தும் போகும். வெளியேறும் குழாய் மட்டும் இரண்டு இஞ்சுக்குக் குறையக் கூடாது. பம்ப் தள்ளிவிடுகிறது, திரும்பி வருவது தன் எடையில்தான். எனக்கு ஒருமுறை இலை ஒன்று அந்த வாயை அடைத்து, டிரம் வழிந்து, விடிவதற்குள் பாதிக் குளம் செடிக்குப் போயிருந்தது. அன்று மீன்களைக் காப்பாற்றியது பம்புக்கு அடியில் இருந்த செங்கல்தான். பம்புக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், கட்டாயம். தண்ணீருக்குள் கை விடும் இடம் இது.

பம்ப் ஓட ஆரம்பித்த அன்றே பில்டர் வேலை செய்யாது. பாக்டீரியா பெருக நாலைந்து வாரம் ஆகும், அதுவரை மீனையும் தீவனத்தையும் குறைவாகவே வையுங்கள். அப்புறம் ஸ்பான்ஜைக் கழுவும்போது குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் அந்த வீட்டையே காலி செய்ததாகிவிடும். குளத்துத் தண்ணீரை ஒரு பக்கெட்டில் மொண்டு, அதில் இரண்டு தடவை பிழிந்தால் போதும்.

கரண்ட் சில மணி நேரம் போய்விட்டால், வந்ததும் பம்பைப் போடாமல் முதலில் டிரம்மைத் திறந்து மோந்து பாருங்கள். மழை பெய்த மண் மாதிரி வாசனை வந்தால் பயமில்லை. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே மூச்சு நின்றுவிட்டது என்று அர்த்தம்; அடி வால்வைத் திறந்து அந்தத் தண்ணீர் முழுவதையும் செடிக்கு விட்டுவிட்டு, அதற்குப் பிறகு பம்பைப் போடுங்கள்.