ஆக்சிஜனேற்ற எண்: பெயரில் இருக்கும் ஆக்சிஜன் கணக்கில் இருக்க வேண்டியதில்லை

ஒரு சேர்மத்தில் இரண்டு அணுக்கள் பங்கிட்டுக்கொள்ளும் எலக்ட்ரான்களை, அவற்றில் எலக்ட்ரான் கவர்தன்மை அதிகமுள்ள அணுவின் பேரிலேயே முழுதாக எழுதிவிட்டால், ஒவ்வோர் அணுவின் மேலும் எவ்வளவு மின்சுமை நிற்கும்? அந்த எண்தான் ஆக்சிஜனேற்ற எண். அது கணக்குக்காக எழுதும் சுமை. உண்மையில் அணுவின் மேல் அவ்வளவு சுமை இருந்தாக வேண்டியதில்லை.

பெயருக்குள் ஆக்சிஜன் வந்ததற்குக் காரணம் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே. எல்லா அமிலங்களிலும் இந்த வாயு உண்டு என்று நம்பி, கிரேக்கத்தில் 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்று பொருள்படும் பெயரை 1777இல் வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்று ஆங்கில வேதியியலாளர் டேவி 1810இல் காட்டியபோது நம்பிக்கை போயிற்று, பெயர் நின்றுவிட்டது. ஆக்சிஜனோடு சேர்வது மட்டுமே ஆக்சிஜனேற்றம் என்ற பழைய பொருளும் விரிந்து, எலக்ட்ரானை இழப்பதெல்லாம் ஆக்சிஜனேற்றம் என்றானது. சோடியம் குளோரினில் எரிவதும் ஆக்சிஜனேற்றமே.

இதற்கு எதிரானது, எலக்ட்ரானைப் பெறுவது. இரண்டுக்கும் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பெயர் ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம். இலங்கையில் ஒட்சியேற்றம், தாழ்த்தல். 'உயிர்வளியேற்றம்' என்று முழுத் தமிழாக்குவோரும் உண்டு. ஆனால் குளோரின் மட்டும் இருக்கும் வினைக்கு அந்தப் பெயர் மூச்சுக்காற்றை நினைவூட்டிக் குழப்பும். இந்தச் சொற்களில் நல்ல பகுதி 'ஏற்றம்'தான், ஏனென்றால் எண் மெய்யாகவே ஏறுகிறது: தனி இரும்பின் 0, துருவில் +3 ஆகிறது. 'ஒடுக்கம்' அதைவிட அழகு. லத்தீன் மூலச்சொல்லின் பொருள் 'திரும்பக் கொண்டுவருதல்': தாதுவை மீண்டும் உலோகமாக்குவது. சைவ சித்தாந்தத்தில் ஒடுக்கம் என்பதும் தோன்றிய இடத்துக்கே திரும்பி அடங்குவதுதான்.

எண் கண்டுபிடிக்க வரிசை முக்கியம். தனித்த தனிமத்துக்கு 0. சேர்மம் என்றால் முதலில் ஃப்ளூரின், எப்போதும் -1. அடுத்து சோடியம், பொட்டாசியம் போன்ற கார உலோகங்கள் +1. மக்னீசியம், கால்சியம் வகை +2. பிறகு ஹைட்ரஜன் +1. அதன் பிறகே ஆக்சிஜன் -2. கூட்டுத்தொகை சேர்மத்துக்கு 0, அயனிக்கு (மின்சுமை ஏறிய அணு அல்லது அணுத்தொகுதிக்கு) அதன் மின்சுமை. முரண்பட்டால் முன்னால் இருப்பதே வெல்லும். இரண்டு ஹைட்ரஜனும் இரண்டு ஆக்சிஜனும் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடில் ஆக்சிஜனுக்கு முதலில் -2 போடுபவருக்கு ஹைட்ரஜன் +2 என்று வரும். ஹைட்ரஜனிடம் இருப்பதே ஓர் எலக்ட்ரான், இரண்டை எங்கிருந்து இழக்கும்? ஹைட்ரஜனில் தொடங்கினால் ஆக்சிஜன் -1 என்று சரியாக வரும். சோடியம் ஹைட்ரைடில் சோடியம் முந்திக்கொள்வதால் ஹைட்ரஜன் -1.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் பொட்டாசியம் +1, நான்கு ஆக்சிஜனுக்கு -8, ஆகவே மாங்கனீசு +7. பொட்டாசியம் டைகுரோமேட்டில் இரண்டு பொட்டாசியம் +2, ஏழு ஆக்சிஜன் -14; மீதி +12. தேர்வுத்தாளில் பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். குரோமியம் இரண்டு, ஆகவே ஒவ்வொன்றும் +6.

வகுத்தல் ஏமாற்றும் இடமும் உண்டு. பெய்ரூட் துறைமுகத்தில் அமோனியம் நைட்ரேட் வெடித்த பிறகு, 2020 ஆகஸ்டில், சென்னையை அடுத்த மணலியில் கண்டெய்னர்களில் தேங்கிக் கிடந்த சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட் செய்தியாகி, ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. அந்த உப்பின் வாய்பாட்டில் நைட்ரஜன் இரண்டு, ஹைட்ரஜன் நான்கு, ஆக்சிஜன் மூன்று. மொத்தமாகக் கணக்கிட்டால் நைட்ரஜன் +1 என்று சாதுவாக வரும். அயனிகளாகப் பிரித்துப் பாருங்கள்: அமோனியத்தில் -3, நைட்ரேட்டில் +5. எலக்ட்ரானைக் கொடுக்கக்கூடியதும் வாங்கக்கூடியதும் ஒரே படிகத்துக்குள் இருக்கின்றன. மெதுவாகச் சூடாக்கினால் இரண்டும் +1இல் சந்தித்து நைட்ரஸ் ஆக்சைடு வரும்; கட்டுமீறினால் வெடிக்கும். சராசரி +1 இதில் எதையும் சொல்லாது.

ஓர் அணு எத்தனை பிணைப்புகள் அமைக்கிறது என்று சொல்லும் இணைதிறனோடும் குழப்ப வேண்டாம். மீத்தேனிலும் கார்பன் டெட்ராகுளோரைடிலும் கார்பனின் இணைதிறன் 4. ஆக்சிஜனேற்ற எண் முன்னதில் -4, பின்னதில் +4. எழுதும்போது மின்சுமைக்கு எண் முன்னே (2+), ஆக்சிஜனேற்ற எண்ணுக்குக் குறி முன்னே (+2).

பெயரிடலுக்கு வந்தால், எண் பிறப்பதற்கு முன்பே சித்த மருத்துவம் இந்த வேறுபாட்டைப் பெயரில் வைத்திருந்தது. பூரம், வீரம் இரண்டும் பாதரசமும் குளோரினும் சேர்ந்தவை. பூரத்தில் பாதரசம் +1, நீரில் அநேகமாகக் கரையாது. வீரத்தில் +2, கரையும், கொடிய நஞ்சு. பள்ளியில் சொல்லும் பெர்ரஸ், பெர்ரிக் முறையில் ('அஸ்' குறைவு, 'இக்' கூடுதல்) குறைவா கூடுதலா என்பது மட்டுமே தெரியும், எண் தெரியாது: தாமிரத்தில் குப்ரிக் என்றால் +2, இரும்பில் பெர்ரிக் என்றால் +3. ஜெர்மன் வேதியியலாளர் ஆல்பிரட் ஸ்டாக் 1919இல் முன்வைத்த முறை, உலோகத்தின் பெயரை ஒட்டி அடைப்புக்குறிக்குள் எண்ணையே ரோமன் எண்ணுருவில் எழுதிவிடுகிறது. அதை அணுக்களின் எண்ணிக்கை என்று படிப்பது பரவலான பிழை. தாமிரம்(I) ஆக்சைடில், அதாவது 'தாமிரம் ஒன்று ஆக்சைடில்', தாமிர அணுக்கள் இரண்டு. 'ஒன்று' என்பது ஒவ்வொன்றின் +1.

குளோரினின் ஆக்சிஜன் உப்புகளுக்கு ஏணி இப்படி: ஹைப்போகுளோரைட் +1, குளோரைட் +3, குளோரேட் +5, பெர்குளோரேட் +7. முதல் படி வீட்டிலேயே இருக்கிறது. லாரித் தண்ணீர் பிடிக்கும் டிரம்மைக் கழுவ வடசென்னையின் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் வாங்கும் பிளீச்சிங் பவுடரில், பாடநூல் வாய்பாட்டின்படி ஒரு குளோரின் +1, இன்னொன்று -1. இங்கும் சராசரி 0 என்று வந்து ஏமாற்றும். கறை போகவில்லையென்று அதன் மேலேயே கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றினால், இரண்டு குளோரினும் மெய்யாகவே 0 ஆகி வாயுவாகக் கிளம்பும். அது காற்றைவிடக் கனம். மூடிய குளியலறையில் தரையோடு தங்கும்.