மாஸ்டர் கசெட் எங்களிடம் இல்லை

போன கிழமை நிலாவெளியிலிருந்து ஒரு அக்கா வந்தார். கையில் பொலித்தீன் பை, அதற்குள் ஒரு கசெட், கசெட்டுக்கு வெளியே குடல் சரிந்தமாதிரி நாடா. கூத்துப் பழக்கும் அண்ணாவியாராக இருந்த அவருடைய அப்பா, தொண்ணூறுகளில் திருகோணமலையிலுள்ள எங்கள் ஸ்ரூடியோவில் பாடிப் பதிந்த கூத்துப் பாட்டுகள். "திவசத்துக்குப் போடலாமெண்டு நேற்று ஒருக்காப் போட்டுப் பார்த்தனான் தம்பி. ரேடியோ விழுங்கிப்போட்டுது. பரவாயில்லை, உங்களிட்ட மாஸ்டர் இருக்கும்தானே?"

இந்த மாதத்தில் இந்தக் கேள்வி நாலாவது தரம். அதனால் எழுதிவிடுகிறேன். இல்லை. எங்களிடம் மாஸ்டர், அதாவது முதலில் பதிந்த மூலக் கசெட், இல்லை.

ஸ்ரூடியோ என்றால் இரும்பு அலுமாரியில் எல்லாம் பேர் ஒட்டி அடுக்கி வைத்திருப்பார்கள் என்று சனம் நினைக்கிறது. எங்கள் ஸ்ரூடியோ என்பது வீட்டுக்குப் பின்னால் மாமரத்தடியில் ஒரு அறை. அப்பா எண்பதுகளின் கடைசியில் தொடங்கியது. சுவரெல்லாம் முட்டை மட்டை. (முட்டை மட்டை ஒட்டினால் வெளிச்சத்தம் வராது என்று ஊரே நம்பியது. வரும். லொறியும் வரும், காகமும் வரும். எதிரொலி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.) ஊரடங்கு நாட்களில் பாட வந்தவர்கள் விடியும்வரை அங்கேயே படுத்துக் கிடந்திருக்கிறார்கள். நல்ல வெற்றுக் கசெட் கொழும்பிலிருந்து வரவேண்டும். யுத்தத்தில் பாதை பூட்டினால் அதுவும் இல்லை. ஆகவே கலந்து முடித்த பிரதியை உங்கள் கையில் தந்து, மூன்று மாதம் பார்த்துவிட்டு, மூலக் கசெட்டில் அடுத்தவரின் பாட்டைப் பதிவார் அப்பா. கோயில் ஊஞ்சல் பாட்டுக்கு மேல் நத்தார் கரோல், அதற்கு மேல் தேர்தல் விளம்பரம். அப்பாவைக் குறை சொல்லவேண்டாம். சின்ன ஸ்ரூடியோக்கள் பலவும் இப்படித்தான் சீவித்தன. மூலம் என்று ஒன்று மிஞ்சியிருந்தால் அது உங்கள் வீட்டு அலுமாரியில்தான்.

சிலரிடம் உண்மையிலேயே மூலக் கசெட் இருக்கிறது, அவர்களுக்கே தெரியாமல். எங்களிடம் இருந்தது டாஸ்காம் கம்பனியின் நாலு தடப் பதிவுக் கருவி. 3.81 மில்லிமீற்றர் அகல நாடாவில் நாலு தடத்தையும் ஒரே திசையில் பதியும். வேகமும் சாதாரண கசெட்டைப்போல இரண்டு மடங்கு. அதை வீட்டு ரேடியோவில் போட்டால் ஒரு பக்கத்தில் குரல் பேய் இழுக்கிறமாதிரி இழுபடும். திருப்பிப் போட்டால் பாட்டு பின்னிருந்து முன்னுக்கு ஓடும். "பழுதாப்போச்சு" என்று எறிந்துவிடுகிறார்கள். ஐயோ, எறியாதேங்கோ. பாடகர் ஒரு தடம், மத்தளம் ஒரு தடம் என்று பிரித்தெடுக்கக்கூடிய பொக்கிஷம் அது.

அடுத்தது, "கடைசியாய் ஒருக்காப் போட்டுப் பார்ப்பம்" என்ற வியாதி. திருகோணமலையில் மூன்று பக்கமும் கடல். வாடைக்காற்றோடு மாரி தொடங்கினால் அலுமாரிக்குள் உடுப்பே பூஞ்சணம் பிடிக்கிறது, நாடா பிடிக்காதா? கசெட்டின் கண்ணாடி வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாய்ச் சாம்பல் தூவினமாதிரி இருந்தால் அது பூஞ்சணம். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஓடவிட்டால் நாடா கிழியும், மேலே பூசியிருக்கும் இரும்பு ஒக்சைட் உரியும். பாட்டு இருப்பது அந்தப் பூச்சில்தான். பூஞ்சணம் ரேடியோவுக்குள் நாடாவை வாசிக்கும் ஹெட்டிலும் ஒட்டி, அடுத்துப் போடும் கசெட்டுக்கும் தொற்றும்.

வெயிலில் காயவைக்காதீர்கள். பிரிட்ஜில் வைக்காதீர்கள். நாடாவை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், ஸ்பிரிட் ஹெட்டுக்கு. ஸ்பீக்கர் பெட்டிக்கு மேல் அடுக்காதீர்கள், உள்ளே காந்தம் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கடல்நீர் குடித்த கசெட்டுகள் வந்தபோது, ஹெயார் டிரையர் பிடித்தவை சுருண்டுபோயிருந்தன, நல்ல தண்ணீரில் அலசி நிழலில் வைத்தவை சில பிழைத்தன. கசெட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பல்லையும் உடைத்துவிடுங்கள். பேரப்பிள்ளை சிவப்புப் பொத்தானை அமத்தினாலும் பாட்டு அழியாது. 120 நிமிடக் கசெட்டா? அதன் நாடா வெங்காயச் சருகு. தொடவே வேண்டாம், அப்படியே கொண்டு வாருங்கள், கச்சான் காற்று அடிக்கிற உலர்ந்த மாதங்களிலேயே.

பிறகு கணினிப் பிரதி. ஒரு மணிநேரக் கசெட்டை 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸில் எடுத்தால் ஏறக்குறைய 2 ஜீபி வரும். அதைப் போனில் மட்டும் வைத்திருந்தால் பிரதி இல்லையென்றே கணக்கு. இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில். சீடியை நம்பவேண்டாம், நாங்கள் எழுதித் தந்தவற்றிலேயே சாயம் வெளுத்துவிட்டது. கூத்து, வில்லுப்பாட்டு போன்றவை என்றால் ஈழத்து ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவைக்கும் நூலக நிறுவனத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

அக்காவின் கசெட்டில் மூன்று முழம் கசங்கியிருந்தது. ஒரு முழம் நாடா என்பது பத்து விநாடி, ஆக அரை நிமிடம் போய்விட்டது. மிச்சத்தைப் பென்சிலால் சுற்றி, வேறு கூட்டுக்குள் மாற்றி, இரவிரவாக எடுத்தேன். இரண்டாவது தருவுக்கு, அதுதான் கூத்துப் பாட்டுக்கு, முன்னால் சல்லாரித் தாளம் நிற்கிறது, எங்கள் அப்பாவின் குரல்: "ஐயா, காகம் கத்துது, ஒருக்காப் பொறுங்கோ."

இரண்டு பென்டிரைவில் போட்டுக் கொடுத்து, ஒன்றைக் கனடாவிலுள்ள தம்பிக்குத் தபாலில் அனுப்பச் சொன்னேன். நேற்று அக்கா அழைத்தார். அனுப்பியாச்சாம். ரேடியோவில் போட்டு, ஸ்பீக்கருக்கு முன்னால் போனைப் பிடித்து, வோட்ஸ்அப்பில்.